சூளைக்குள் யார் போவது?

காசியம்மாள் ஒரு பீங்கான் தொழிற்சாலையில் சேர்ந்தது அறுபத்தைந்தாம் வருடம். விருத்தாசலத்தில் அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாகப் பீங்கான் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. ஊர் ஊராகக் கரண்டு கம்பி இழுத்த காலம் அது. கம்பியைத் தாங்கும் வெள்ளைக் குமிழ்களும் பியூஸ் கட்டைகளும் எவ்வளவு செய்தாலும் போதவில்லை.

கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில், ஊரைவிட்டுத் தள்ளி இருந்த காலனியிலிருந்து அவரும் கணவர் பழமலையும் நடந்தே வேலைக்கு வருவார்கள். அதற்கு முன் அவர்கள் கண்டது நடவும் அறுப்பும்தான். நிலத்துக்காரர் வீட்டு வாசலுக்கு எதிரே, தள்ளி நின்றுதான் வேலை கேட்க வேண்டும். தொழிற்சாலையில் அப்படி இல்லை. சங்கு ஊதினால் உள்ளே போகலாம், மறுபடி ஊதினால் வெளியே வரலாம். நோட்டில் பெயர் எழுதி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காசியம்மாளுக்கு அது பிடித்திருந்தது.

சில மாதம் போன பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. மிஷின் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் ஊர்த்தெருக்காரர்கள். மண் மிதிப்பது, சுமப்பது, சூளைக்குள் இறங்குவது எல்லாம் காலனி ஆட்கள். இப்படித்தான் என்று யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லை. கேட்டால் மேஸ்திரி தேவநாதன், “அவங்கவங்களுக்கு எது பழக்கமோ அது” என்பார்.

சூளை ஒரு சிறிய வீட்டின் அளவு இருக்கும். பீங்கான்களைச் சுடுமண் பெட்டிகளில் வைத்து, உள்ளே ஆள் உயரத்துக்கு அடுக்கி, வாசலைச் செங்கல்லால் அடைத்து எரிப்பார்கள். எரித்து முடித்த பிறகு நாலு நாள் ஆற வேண்டும். எரிப்பு வேலையைப் பார்த்த அமீனுதீன் இதை ஒவ்வொரு முறையும் சொல்வார். ஆனால் முதலாளிக்கு அவசரம். இரண்டாம் நாளே லாரி வந்து நிற்கும். வாசலைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்.

பழமலையும் காலனி ஆட்கள் மூன்று பேரும் ஈரச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வருவார்கள். வாசலில் பெண்கள் நின்று வாங்கிக்கொள்வார்கள். மூன்றாவது நடைக்குள் சாக்கு காய்ந்து மொடமொடவென்று ஆகிவிடும்.

“இன்னும் ஆறல மேஸ்திரி. மூச்சு வுட முடியல” என்று பழமலை சொல்லாத மாதம் இல்லை.

“உங்க ஒடம்பு தாங்கும்யா. போ, போ.”

இப்படியே ஐந்து வருடத்துக்கு மேல் போயிற்று.

எழுபத்தொன்றாம் வருடம் சித்திரை மாதம். வெளியே நிற்கவே முடியாத வெயில். நாலாவது நடைக்கு உள்ளே போனவர்களில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். பழமலை வரவில்லை. காசியம்மாள் வாசலில் கையை நீட்டியபடி நின்றார். இப்போது வருவார், இப்போது வருவார் என்று பார்த்தார். பிறகு கையில் கிடைத்த ஈரச்சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கண்ணைத் திறக்க முடியவில்லை. காலால் துழாவினார். அடுக்குகளுக்கு நடுவில் பழமலை குப்புற விழுந்து கிடந்தார். அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தார். அமீனுதீன் ஓடிவந்து ஒரு காலைப் பிடித்துக்கொண்டார்.

பழமலை பிழைத்துக்கொண்டார். வலது கையிலும் கன்னத்திலும் தோல் உரிந்திருந்தது. இருமல் நிற்கவில்லை. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். “குடிச்சிட்டு உள்ள போயிருப்பான்” என்று ஆபீசில் சொன்னதாகக் காசியம்மாள் காதுக்கு வந்தது. பழமலை குடிப்பதில்லை.

அடுத்த சூளை எரிந்து முடிந்தது. இரண்டாம் நாள் காலை தேவநாதன் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

“பழமலைக்குப் பதிலா அவன் தம்பி தர்மராஜ் எறங்கட்டும்.”

காசியம்மாள் தலையில் சுமைக்கு வைத்திருந்த சும்மாட்டைக் கழற்றிக் கீழே போட்டார்.

“மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். நோட்டுல நாப்பது ஆம்பளைங்க பேரு இருக்குது. சூளைக்கு மட்டும் ஏன் எங்க நாலு பேரு?”

“அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? சும்மாட எடு.”

“எடுக்க மாட்டேன். எல்லாரும் மொற வச்சிப் போவட்டும். அப்பதான் இங்கிருந்து ஏந்திரிப்பேன்.”

சொல்லிவிட்டுச் சூளை வாசலுக்கு எதிரில் உட்கார்ந்தார்.   பிறகு அவரோடு சுமக்கும் விருத்தாம்பாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகச் சுமக்கும் பெண்கள் பதினாறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஊர்த்தெரு ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். மண்ணை அச்சில் அழுத்தும் மிஷினை ஓட்டும் ராஜாங்கம், “இதுங்களுக்கு வந்த திமிரப் பாரு” என்றார். சிலர் சிரித்தார்கள். போலீசுக்குச் சொல்லியனுப்பப் போகிறேன் என்று தேவநாதன் கத்தினார்.

சேதி கேட்டுப் பழமலை கைக்கட்டோடு வந்து சேர்ந்தார்.

“ஏந்திரி காசி. இருக்கிற வேலையும் போயிடும்.”

“போவட்டும். ஒன்ன காலப் புடிச்சி இழுத்தாந்தேன். தர்மராஜயும் இழுக்க எனக்குத் தெம்பு இல்ல.”

பழமலையும் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பதினோரு மணிக்கு முதலாளியின் கார் வந்தது. அவர் லாரியைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், கடைசியாகத்தான் காசியம்மாளைப் பார்த்தார்.

“என்னம்மா வேணும் ஒனக்கு?”

“சீட்டுப் போடுங்க மொதலாளி. நோட்டுல இருக்கிற ஆம்பளைங்க அத்தன பேரும். யாரு பேரு வருதோ அவங்க போவட்டும். எங்க ஆளுங்க பேரு வந்தா நாங்க வாயத் தொறக்க மாட்டோம்.”

முதலாளிக்கு வேறு வழி தெரியவில்லை. “இன்னிக்கி ஒரு நாளைக்கிதான். சீக்கிரம் போட்டு முடிங்க” என்றார்.

அமீனுதீன் காகிதத்தைக் கிழித்துப் பெயர்களை எழுதினார். “எரிக்கிறவன் பேரும் இருக்கட்டும்” என்று தன் பெயரையும் எழுதி மடித்துப் போட்டார்.

முதல் சீட்டைப் பிரித்தார். தர்மராஜ்.

கூட்டத்தில் பெரிய சிரிப்பு எழுந்தது.  விருத்தாம்பாள் காசியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சரி. அடுத்தத எடுங்க பாய்” என்றார் காசியம்மாள்.

இரண்டாவது சீட்டு. ராஜாங்கம்.

சிரிப்பு நின்றுவிட்டது. ராஜாங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த காசியம்மாளை ஒட்டி நின்றார். குரலைத் தாழ்த்தி, “தெனம் அந்த ரோட்டுலதானே நடந்து போவ?” என்று கேட்டார்.

காசியம்மாள் “நடந்துதான் போவேன்” என்று எப்படியோ சொல்லிவிட்டார்.

மற்ற இரண்டு சீட்டிலும் மிஷின் ஆட்களின் பெயரே வந்தது. எல்லாரும் ராஜாங்கத்தைப் பார்த்தார்கள். முதலாளியும் பார்த்தார். அத்தனை பேர் முன்னால் பயந்த மாதிரி நிற்க அவரால் முடியவில்லை. சாக்கைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கித் தலையில் போட்டுக்கொண்டார். அவர் முன்னால் போக, தர்மராஜ் பின்னால் போனார். மற்ற இருவரும் சாக்கை நனைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

 ஜங்ஷனில் ரயில் இஞ்சின் கூவியது மட்டும் கேட்டது.

வெறுங்கையோடு வெளியே வந்து விழுந்தார் ராஜாங்கம். புருவ மயிர் கருகியிருந்தது. ரப்பர் செருப்பு ஒன்று உள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. இருமி இருமி, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, “இதுக்குள்ள மனுசன் போவானாய்யா?” என்று கத்தினார். “இன்னும் ரெண்டு நாளாவது ஆறணும். ஆளக் கொல்லப் பாக்குறீங்களா?”

தர்மராஜ் ஒரு பெட்டியோடு வெளியே வந்து அதை இறக்கி வைத்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை. மிஷின் ஆட்கள் எல்லாரும் ராஜாங்கத்தைச் சுற்றி நின்று, “ஆறட்டும் மொதலாளி, ஆறினப்பறம் எடுக்கலாம்” என்று சத்தம் போட்டார்கள். முதலாளி லாரியைத் திருப்பி அனுப்பினார். இனி நாலு நாள் கழித்துத்தான் வாசலைப் பிரிப்பது என்று அங்கேயே நின்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

“ஜெயிச்சிட்டோம்க்கா” என்று விருத்தாம்பாள் தோளைக் குலுக்கினார். காசியம்மாளுக்குச் சந்தோஷம் வரவில்லை. காலனிக்குப் போகிற வழியெல்லாம் பேசாமல் நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பழமலையிடம் வெடித்தார்.

“அஞ்சாறு வருசமா நீ சொன்ன. ஒருத்தரு காதுலயும் வுழல. ராஜாங்கம் ஒரே தடவதான் சொன்னாரு, வுழுந்துட்டுது.”

“எப்படியோ வுழுந்துச்சே. வுடு காசி.”

அவர் விடவில்லை. நாலு நாள் ஆறி முடிந்த காலை தேவநாதன் பழையபடி காலனி ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டபோது, காசியம்மாள் நேராக ஆபீசுக்குப் போனார். முதலாளிக்குக் கோபம்.

“அதான் ஆற வுடுறோமே. இன்னும் என்ன?”

“ஆறின சூளைக்குள்ளயும் எல்லாரும் போவணும் மொதலாளி. எங்க ஆளுங்க மட்டும் போனா, நாலு நாளு மூணாவும், மூணு ரெண்டாவும். யாருக்குத் தெரியப்போவுது?”

 வெளியே பெண்கள் சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்தார். கடைசியில் அமீனுதீனைக் கூப்பிட்டு, முறை எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொன்னார்.

அதன்பிறகு மூன்று மாதம் அந்தப் பெண்கள் கூட்டமாகவே வீட்டுக்கு நடந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் வேலியோரத்திலிருந்து பறந்து வந்த கல் விருத்தாம்பாளின் தோளைக் கிழித்தது. எறிந்தவர் யார் என்று தெரியவில்லை. அன்று காசியம்மாள் அழுதார். மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய்க் கேட்டில் நின்றார்.

முறை நின்றுபோகவில்லை. லாரி நிற்கிறதென்று தேவநாதன் ஒரு நாள் முன்னதாக வாசலைப் பிரிக்கப் பார்த்தது உண்டு. ராஜாங்கம் முறை வரும் நாளாக இருந்தால் அவர் தொழிற்சாலையே அதிரக் கத்துவார். தனக்காகத்தான் கத்தினார். அந்தக் கத்தலில் மற்ற மூன்று பேரும் தப்பினார்கள். காசியம்மாளிடம் அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. காசியம்மாளும் அதை எதிர்பார்க்கவில்லை.

பழமலையின் இருமல் முழுதாகப் போகவே இல்லை. கனமான வேலை முடியாமல், கேட்டில் காவலுக்கு உட்கார்ந்தார். முழங்கால் வலி தாங்காமல் எழுபத்தெட்டாம் வருடம் காசியம்மாள் வேலையை விட்டபோது, முறைத்தாள் இரண்டு தடவை கிழிந்து, மூன்றாவது தாள் சுவரில் ஒட்டியிருந்தது.