நல்லசாமியின் சுத்தம்

செனாவாங்கில் எங்கள் தாமான் வீடுகளின் கழிவுநீரெல்லாம் நல்லசாமி வேலை பார்க்கும் சுத்திகரிப்பு பிளான்டுக்குத்தான் போகும். நேரில் அவனை அண்ணே என்பேன். மனசுக்குள் அவன், இவன்தான். பிளான்டை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கும் கடைசி வீடு என்னுடையது. பலத்த மழை பெய்தால் குளியலறைத் துளை வழியாக ஊர்க் கழிவெல்லாம் உள்ளே வரும். என் வயிற்றெரிச்சல் எனக்கு.

அவன் கோலா சாவா பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துத் துரை வருகிறார் என்றால் முதல் நாளே லயத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, வாசலைக் கூட்டி, காய்ச்சல்காரனைக்கூட எழுப்பி நிறுத்திவிடுவார்கள் அங்கே. தோட்டம் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தப் புத்தி மட்டும் போகவில்லை. இளவயதிலேயே பிளான்டில் சேர்ந்தான். அதற்கும் வயசாகி, சுவர் வெடித்து, தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் இரண்டில் ஒன்று செத்துப்போனது. இவன் மட்டும் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் பக்கத்தில் ஃபிளாட் கட்டினார்கள். அந்தக் கழிவையும் இந்தக் கிழட்டு பிளான்ட் தாங்குமா என்று பார்க்க சுதன் என்ற இன்ஜினியர் வருவதாகச் சேதி வந்தது. தாங்காது என்று அவர் எழுதிவிட்டால் புதிதாகக் கட்டியே ஆகவேண்டும். எனக்கும் விடிவு. நேராக நல்லசாமி வீட்டுக்குப் போனேன்.

"அண்ணே, ஒன்னும் பண்ணாதீங்க. இருக்கற மாதிரியே அவரு பாக்கட்டும்லா."

"என் பிளான்ட்ட நாறப் போட்டுக் காட்டச் சொல்றியா? வெக்கமா இல்ல ஒனக்கு, குமுதவல்லி?"

"என் வீடு நாறுதே, அதுக்கு யாரு வெக்கப்படறது?"

கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாளே லோரி வந்து தொட்டிச் சேற்றையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போனது. சுங்கை காடுட் பிளான்டிலிருந்து இரவல் மோட்டார் வந்தது. வேலிக்குப் பச்சைச் சாயம் வேறு. சுத்தம் சோறு போடும் என்பார்கள். இவன் சுத்தம் என் வாயில் மண்ணைப் போட்டது.

சுதன் வந்த வாரம் பார்த்து ஒரு பொட்டு மழை இல்லை. கருவி வைத்து அளந்தார். நான் வேலியோரம் நின்றேன்.

"மழை பேஞ்சா வழியுமா அங்கிள்?" என்று நல்லசாமியைக் கேட்டார் சுதன்.

"நான் இருக்கறவரைக்கும் ஒரு சொட்டு வழியாது சார்."

"பொய் சொல்றாரு! என் வீட்டுக்கு வந்து பாருங்க சார்!" என்று கத்தினேன்.

"அந்தக் குமுதவல்லிக்கு எப்பவும் வாய் நீளம் சார்," என்று நல்லசாமி சிரித்தான். அவரும் சிரித்தார். வீட்டுக்கு வரவில்லை. தாங்கும் என்று எழுதிவிட்டார்.

இரவல் மோட்டார் திரும்பிப் போனது. ஃபிளாட்டில் ஆட்கள் குடிவந்தார்கள். அடுத்த பெருமழையில் என் சமையலறை வரை கணுக்கால் அளவு கழிவு. மழை விட்டதும் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பிளான்டுக்குப் போனேன். தொட்டி பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவன் அதன் நடுவே நின்று துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தான். ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது.

மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன்.

"ஆபீசுக்குச் சொல்லிடாத தங்கச்சி. யாரும் பாக்கறதுக்குள்ள கழுவிடறேன்."

அங்கேயே நின்று, அவன் பார்க்கப் பார்க்க ஆபீசுக்குப் போன் போட்டேன். "இப்பவே வாங்க சார், இவரு கழுவி முடிக்கறதுக்குள்ள," என்றேன். பிறகு அவன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தேன்.