வேலிக்குள் கல்வட்டங்கள்

நான், என் மனைவி செல்வி, ஆடு மேய்க்கும் ஒரு அம்மா. சிறுவாச்சூர் போகிற பஸ் பஞ்சராகி நிற்கிறது. வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கிறோம். எதிரே முள்கம்பி வேலி, நீலப் பலகை. உள்ளே வட்டம் வட்டமாகக் கற்கள். சேதப்படுத்தினால் ஜெயிலாம், பலகையில் எழுதியிருக்கிறது.

"அந்தக் காலத்துல பொதச்ச குழிங்க. உள்ள பானையில எலும்பு இருக்காம்," என்கிறார் அந்த அம்மா.

"உங்க ஆளுங்களா?" என்று கேட்கிறேன்.

"பேரே யாருக்கும் தெரியாது. சர்க்காரு ஒரு புடி மண்ணு எடுக்க வுடாது. பொங்கலுக்கு நாங்க பால் ஊத்துவோம்."

எனக்கு வயிறு எரிகிறது. அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊர் இடுகாட்டைச் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டிவிட்டார்கள். அப்பாவைப் புதைத்த இடத்தில் இப்போது பள்ளம்தான். பால் ஊற்ற இடமில்லை.

செல்வி அதை அவரிடம் சொல்கிறாள்.

"இத்தன கெடக்குதே அண்ணே, ஒண்ண உங்கப்பாருக்குன்னு வெச்சுக்குங்க. இவுங்க என்ன சண்டைக்கா வரப்போறாங்க?" என்று சிரிக்கிறார்.

செல்வி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கிறாள். நான் எழுந்து வேலியோரமாக நடந்து வட்டங்களை எண்ணுகிறேன்.

இருபத்து மூன்று.