சாவு எழுத்து

மாத்தளையில் நான் வேலை பார்க்கும் பேனர் கடைக்கு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஒருவன் வந்தான். காரணம் ஓர் எழுத்துரு. சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த எழுத்துரு என் செல்லம். தூரிகையால் இழுத்ததுபோல் ஒவ்வொரு எழுத்தும் தடித்து, மெலிந்து, கடைசியில் வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். பலாபத்வல பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தொழிலாளி இறந்தபோது, கண்ணீர் அஞ்சலி பேனரில் அவர் பெயரை அதில்தான் போட்டேன். எங்கள் பக்கம் சாவு பேனரைக் கட்ட ஆளிருக்கும், கழற்ற ஆளிருக்காது. மாதக்கணக்காக அது தோட்டத்துச் சாலை முடக்கில் தொங்கியது.

பிறகு அவருடைய மகள் வந்தாள். ஏற்கனவே நிச்சயமான கல்யாணம்.

"அக்கா, அப்பா பேரை எழுதுன அதே எழுத்துல என் கல்யாண பேனரையும் போட்டுத் தாங்க."

யோசித்துச் செய் என்றேன்.

"உசுரோட இருந்தப்போ அவரு பேரை யாருமே பெருசா எழுதலக்கா. செத்த பொறகு நீங்கதான் எழுதுனீங்க. என் கல்யாணத்துலயும் அவரு அப்படியே இருக்கணும்."

மறுக்க மனம் வரவில்லை. மணமகளின் பெயருக்கு மேலே அவர் பெயரை அதே சுழிகளோடு போட்டுக் கொடுத்தேன். கட்டிய அன்றே, அவர்கள் குடியிருக்கும் லயம் முழுக்க "சாவு எழுத்து" என்று பேச்சாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரும் முகம் சுளித்தார்களாம்.

அவளுடைய அண்ணன் அந்தப் பேனரைக் கிழித்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து என் முகத்தில் எறிந்தான்.

"யாரக் கேட்டு சாவு எழுத்துல போட்ட?"

கத்தியின் முதுகால் கணினித் திரையில் ஓங்கி அடித்தான். அது சரிந்து விழுந்ததில் மைப் போத்தல்கள் உடைந்து தரையெல்லாம் சிவப்பு. கோடு போடும் இரும்பு அடிமட்டத்தை எடுத்து வீசினேன். அவன் நெற்றி பிளந்தது. இன்றுவரை அதற்கு நான் வருந்தவில்லை. அவன் என் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதினான்.

தங்கச்சிக்காரி ஆட்டோவில் பின்னாலேயே வந்திருக்கிறாள். "நான்தாண்ணே கேட்டேன், அவங்கள விடு" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். என்னை விட்டுவிட்டு அவள் வாயில் குத்தினான். உதடு கிழிந்து தாடையெல்லாம் இரத்தம். அவள் அழவில்லை. அவன் காலுக்குக் கீழே கிடந்த பேனரைக் காட்டினாள்.

"அப்பா பேரு மேல நிக்கிற. தள்ளு."

அவன் தள்ளவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

கல்யாணம் சாதாரண எழுத்தில் நடந்து முடிந்தது. எங்கள் முதலாளி சமாதானம் பேசிவிட்டதால், கல்யாண ஆல்பமும் என் மேசைக்கே வந்தது. அண்ணன்காரன் போனில் தேனாகப் பேசினான்.

"அக்கா, தங்கச்சி உதட்டு வீக்கத்த மட்டும் அழிச்சிருங்க."

போனை வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அழிக்காதீங்கக்கா. அவன் பாக்கட்டும்" என்றாள்.

வீங்கிய உதடு நன்றாகத் தெரியும் படத்தை முதல் பக்கத்திலேயே வைத்தேன்.