நான் சைவம் என்று எழுதிய லொந்தோங்

எண்பதுகளின் தொடக்கத்தில், சிங்கப்பூரில் ஆங் மோ கியோ வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவருக்கு ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார். மகளைக் கிண்டர்கார்டனில் விட்டுவிட்டு வந்தால் மதியம் வரை வீட்டில் நான் மட்டும்தான்.

அந்த நேரத்தில் ஊரிலிருக்கும் தங்கைக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவேன். ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போடும் வித்தை, லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காத கதை, தேக்கா மார்க்கெட்டில் எத்தனை மணிக்குப் போனால் நல்ல முருங்கைக்காய் கிடைக்கும், காங்கோங் கீரையை நம் ஊர்ப் பக்குவத்தில் எப்படிக் கடைவது என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துப் பார்த்த ஒரு தோழிதான், "இதையெல்லாம் ஏன் தங்கச்சிக்கு மட்டும் சொல்றீங்க? பத்திரிகைக்கு அனுப்புங்க" என்றார். இங்கே வெளிவந்துகொண்டிருந்த ஒரு தமிழ் வார இதழுக்கு அனுப்பினேன். போட்டார்கள். இன்னும் கேட்டார்கள். ஆறே மாதத்தில் ஒரு முழுப் பக்கம் எனக்கென்று ஆகிவிட்டது.

பொய் சொல்வானேன், தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது. தேக்காவில் காய் வாங்கும்போது முன்பின் தெரியாத பெண்கள் வந்து, "நீங்கதானே அது?" என்று கேட்பார்கள். புதிதாக ஊரிலிருந்து வந்த மருமகள்களுக்கு மாமியார்களே என் பக்கத்தை வெட்டிக் கொடுக்கிறார்களாம். எனக்குத் தெரியாத விஷயமே சிங்கப்பூரில் இல்லை என்கிற மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அப்படியிருக்கும்போது நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதினார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் வேலைக்குப் போகிற இடத்தில் மதியம் என்ன சாப்பிடுவது? நான் உற்சாகமாக ஐந்து உணவுகளைப் பட்டியலிட்டேன். அதில் முதலிடம் லொந்தோங்குக்கு. அரிசியை அமுக்கி வேகவைத்துக் கட்டி கட்டியாக வெட்டி, முட்டைகோஸ், பயற்றங்காய், தவ்வு என்கிற சோயாக் கட்டி எல்லாம் போட்ட தேங்காய்ப்பால் குழம்பை மேலே ஊற்றித் தரும் மலாய்க்காரர்களின் உணவு. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து உணவங்காடியில் ஒரு மலாய்ப் பெண்மணி அதை அருமையாகச் செய்வார். "நம் திருநெல்வேலிச் சொதிக்கு ஒன்றுவிட்ட சகோதரி இது. சுத்த சைவம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்" என்று எழுதி, கடை இருக்கும் இடத்தையும் குறிப்பிட்டேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். வீட்டில் மீன், கருவாடு, இறால் எல்லாம் புழங்கும். சைவம் என்ற சொல் எனக்கு ஒரு காய்கறிப் பட்டியல், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு வாசகர் கடிதத்தை எனக்கு அனுப்பியிருந்தார்கள். நீல மையில், குண்டு குண்டான எழுத்து. "நீங்கள் சைவம் என்று எழுதிய லொந்தோங்கில் காய்ந்த இறாலை இடித்துப் போடுகிறார்கள். நான் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க விரதம் இருக்கிறேன். உங்களை நம்பிப் பதினொரு நாள் சாப்பிட்டுவிட்டேன். உங்களைத் திட்டுவதற்காக எழுதவில்லை. வேறு யாரும் சாப்பிட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்." கீழே ஒரு பெண்ணின் பெயர், புக்கிட் மேரா முகவரி.

எனக்கு முதலில் வந்தது கோபம். இந்த அம்மாள் வேறு ஏதோ கடையில் சாப்பிட்டுவிட்டு என்னைக் குறை சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நேரே உணவங்காடிக்குப் போனேன். அந்த மலாய் அக்கா குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "இதில் இறால் போடுவீர்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். கீழே குனிந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து காட்டினார். இடித்த இறால், செம்மண் நிறத்தில், பாதி டப்பா இருந்தது. பக்கத்திலேயே பெலாச்சான், அந்த இறால் விழுது.

"இது இல்லாம எப்படி ருசி வரும்? இத்தனை மாசமா சாப்பிடுறே. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார்.

"நீங்க சொல்லவே இல்லையே?"

"நீ கேட்கவே இல்லையே."

அவரே தொடர்ந்தார். கொஞ்ச நாளாக இந்தியப் பெண்கள் நிறைய பேர் வருகிறார்களாம். ஏன் என்று அவருக்குப் புரியவில்லையாம். நான் எழுதியதைச் சொன்னேன். அவருடைய முகம் மாறிவிட்டது. "அவங்களுக்கு அது ஆகாதா? ஐயோ, எனக்குத் தெரிஞ்சிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேனே! எங்களுக்குக் கூடாததை யாராவது தெரியாம கொடுத்துட்டா எங்களுக்கு எப்படி இருக்கும்?" என்றார். அன்றைக்கே ஓர் அட்டையில் இறால் படம் ஒன்றை யாரையோ வரையச் சொல்லித் தன் கடை முன்னால் தொங்கவிட்டார். தப்பு செய்தவள் நான். அட்டை மாட்டியது அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் புக்கிட் மேராவுக்கு பஸ் ஏறினேன். கடிதம் எழுதிய அக்காவுக்கு நாற்பது வயது இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு தையல் ஆலையில் சூப்பர்வைசர். நான் யார் என்று சொன்னதும் ஒரு நொடி கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, "உள்ள வாங்க" என்றார்.

அவர் கணவர் ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து வந்து ஒரு கோப்பை மைலோ வைத்துவிட்டுப் போனார். துறைமுகத்தில் சரக்கு விழுந்து அந்தக் கால் நசுங்கியதாம். எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர்கள் சொன்ன நாளில், கால் நிலைத்தால் மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருக்கிறார். இது மூன்றாவது வருடம். வீட்டில் விரதச் சாப்பாட்டுக்குக் குறையில்லை. வேலையிடத்தில்தான் தினமும் ரொட்டியும் வாழைப்பழமும். என் பக்கத்தைப் படித்ததும் நிம்மதியாக இருந்ததாம். பன்னிரண்டாம் நாள் கொஞ்சம் முன்னதாகப் போனவர், உரலில் இறால் விழுவதைப் பார்த்திருக்கிறார்.

"நான் வேணும்னு செய்யலக்கா" என்றேன்.

"தெரியும்மா. நீங்களும் தெரியாம எழுதினீங்க, நானும் தெரியாம சாப்பிட்டேன். ஆனா இப்பத் தெரியும்ல? தெரிஞ்சப்புறம் தெரியாத மாதிரி குடம் தூக்க எனக்கு மனசு வரல. இந்த வருஷம் எடுக்கல. அடுத்த வருஷம் முதல் நாள்லேர்ந்து இருக்கப் போறேன்."

அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பேனாவின் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் ஒரு வருடத்தைத் தள்ளிப்போட்டுவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணீர் வந்தது. ஆனால் அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பது என் சுபாவம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். நான் கேட்காமல் எழுதினேன், அது தவறு, அந்த லொந்தோங் சைவம் இல்லை, கடைக்காரர் மீது எந்தக் குற்றமும் இல்லை, முழுக்க முழுக்க என்னுடையது என்று ஒரு முழுப் பக்கம்.

பத்திரிகையில் அந்தப் பக்கத்தைக் கவனித்தவர் படித்துவிட்டுச் சங்கடப்பட்டு, இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா'வும் சேர்த்துச் சொன்னார். "இவ்வளவு தேவையா? கீழே ஒரு வரி திருத்தம் போட்டுடலாம் லா. உங்க பேர் கெட்டுடும்."

"சார், தப்பை முழுப் பக்கத்துல எழுதியிருக்கேன். திருத்தத்தை மூலையில போட்டா யார் பார்ப்பாங்க? இதே அளவுல போடுங்க. இல்லாட்டி இனிமே நான் எழுதல."

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் யோசித்தேன். அந்தப் பக்கம் போனால் எனக்கு இந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? அவர் இரண்டு நாள் யோசித்தார். அப்புறம் அப்படியே போட்டார்.

திட்டிச் சில கடிதங்கள் வந்தன. "அசைவக்காரிக்கு எதற்கு இந்த வேலை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் உதவிக் கடிதங்கள் அதைவிட அதிகம். எந்தெந்தச் சாப்பாட்டில் எது மறைந்திருக்கிறது என்று ஆளாளுக்கு எழுதி அனுப்பினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கடையிலும் சமைக்கும் இடத்துக்கே போய் நின்று, கேட்டு, பார்த்து எழுத ஆரம்பித்தேன். சில கடைக்காரர்கள் விரட்டினார்கள். சிலர் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சொல்லித் தந்தார்கள். முதல் வருடத்தைவிட அந்த வருடம்தான் நான் நன்றாக எழுதினேன் என்று இப்போதும் சொல்வேன்.

அடுத்த கார்த்திகையில் நானே புக்கிட் மேராவுக்கு ஒரு கடிதம் போட்டேன். விரத நாட்களில் மதியச் சாப்பாட்டை நான் சமைத்து ஆலை வாசலுக்குக் கொண்டு வருகிறேன், மறுக்கக் கூடாது என்று. நான்கு நாள் கழித்து போன் வந்தது.

"தெனமும் முடியாதும்மா. சும்மா இருங்க."

"முடியும்க்கா. ஆனா எங்க வீட்டுச் சமையல்னு உங்களுக்குத் தயக்கம் இருந்தா சொல்லுங்க."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். "மத்த நாள்ல நானே மீன் சமைக்கிறவதானே! தனிச் சட்டி வச்சுக்குங்க, அது போதும்."

நான் விடவில்லை. வெங்காயம் சேர்க்கலாமா, பூண்டு, முட்டை கலந்த ரொட்டி, கடையில் விற்கும் பொடிகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். தனிச் சட்டி மட்டும் போதாது என்று எனக்கே தோன்றியது. விரதம் முடியும்வரை வீட்டுக்குள் மீன், கறி எதுவும் வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நடுவுல கிறிஸ்மஸ் வருதே!" என்றார். வருகிறதுதான். "இந்த வருஷம் காய்கறி பிரியாணி" என்றேன்.

வேலை நாட்களில் தினமும் பன்னிரண்டேகாலுக்கு அடுக்குச் சட்டியோடு ஆலை வாசலில் நிற்பேன். டிசம்பர் மழையில் இரண்டு நாள் தொப்பலாக நனைந்தும் போயிருக்கிறேன். அக்கா வெளியே வந்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார். நன்றி எல்லாம் கிடையாது. "இன்னைக்குச் சாம்பார்ல பெருங்காயம் ஜாஸ்தி" என்பார். "ரசம் நேத்துதான் நல்லாருந்துச்சு" என்பார். பத்து நாளில் நாங்கள் பேசாத விஷயம் இல்லை. அவருடைய மேலதிகாரி, என் மாமியார், மகளின் ஆங்கிலம், துறைமுகத்தில் அவர் கணவருக்குக் கிடைத்த உட்கார்ந்து பார்க்கும் வேலை, எல்லாம் அந்த பெஞ்சில்தான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஃபேக்டரி லீவு. நான் வீட்டுலதான் சாப்பிடுவேன். நீங்க உங்க சமையலைச் செய்யுங்க. உங்க சாமியோட நாள்ல என் விரதம் குறுக்க நிக்கக் கூடாது. செய்யலேன்னா நாளன்னைக்கு நான் சாப்பிட வரமாட்டேன்." மிரட்டல்தான். கோழி பிரியாணி செய்தோம். மறுநாள் விடிந்ததும் அடுப்படியை நானும் கணவரும் சேர்ந்து தேய்த்துக் கழுவினோம்.

தைப்பூசத்தன்று அதிகாலையிலேயே, பால்குட ஊர்வலம் புறப்படும் சிராங்கூன் ரோட்டுக்குப் போய்விட்டேன். அக்கா மஞ்சள் புடவையில், தலையில் பால்குடத்தோடு நடந்தார். ஒரு பக்கம் அவர் கணவர், இன்னொரு பக்கம் துண்டும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நான். வெயில் ஏற ஏறத் தார் ரோடு சுட்டது. அவர் கணவரை பஸ்ஸில் முன்னால் போகச் சொன்னோம். கேட்கவில்லை. டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அந்தக் காலோடு, நின்று நின்று, முழுத் தூரமும் நடந்தே வந்தார். பாலை ஊற்றிவிட்டு அக்கா வெளியே வந்தபோது முகத்தில் அப்படி ஒரு தெளிவு. நெற்றியில் எனக்கு விபூதி வைக்கலாமா என்று முதலில் கேட்டார். வையுங்கள் என்றேன். அவரே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் பல வருடம் எழுதினேன். இன்றும் யாராவது என்னிடம் ஒரு குறிப்பு கேட்டால், தெரிந்ததைத் தைரியமாகச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். நான் எழுதும் ஒரு வார்த்தையை எங்கோ முகம் தெரியாத ஒருவர் நம்பித் தன் வாயில் வைக்கிறார் என்ற நினைப்பு என்னைப் பயப்படுத்தவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து எழுத வைக்கிறது.