மூன்றாம் முறை வந்த பழுப்பு வளையம்

திருப்பதிக் கல்லூரியில் இரண்டு பருவத் தேர்வுகளிலும் ரசாயனத்தில் தோற்றதும், பி.எஸ்ஸி.யை விட்டுவிட முடிவு செய்தேன். சித்தூரில் எங்கள் சர்ச் சபையில் அதுவரை யாரும் பி.எஸ்ஸி. படித்ததில்லை. நைனாவிடம், அதாவது அப்பாவிடம், எப்படிச் சொல்வது?

நான் எழுதி வைத்திருந்த விலகல் கடிதத்தைப் பார்த்து, ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசை முனிரத்தினம் சிரித்தான். "இத்தினி மாசமா என் நோட்டைப் பாத்துதானே எழுதிக்கினு இருந்தே? நீயா ஒரு உப்பையாவது கண்டுபுடிச்சியாடா?"

ரோஷத்தோடு நைட்ரேட் சோதனையில் இறங்கினேன். உப்பில் நைட்ரேட் இருந்தால், அமிலத்தைக் குழாயின் ஓரமாக மெல்ல விடும்போது பழுப்பு வளையம் தெரியும். அவசரத்தில் குழாயை ஆட்டிவிட்டேன், எல்லாம் கலங்கியது. இரண்டாம் முறையும் அப்படியே.

"ஆட்டாதேடா! அது இன்னா, தூளியா?"

மூன்றாம் முறை, கை வலிக்க வலிக்க அசையாமல் பிடித்திருந்தேன். வளையம் வந்தது. முனிரத்தினம்தான் துள்ளினான். எனக்குச் சந்தோஷமே வரவில்லை, களைப்புதான் வந்தது.

மறுநாள் ரயிலேறி வீட்டுக்குப் போய், பி.எஸ்ஸி.யை விடப்போவதைச் சொன்னேன்.

"முடியலையாடா?" என்றார் நைனா.

"முடியுது நைனா. மனசுதான் ஒட்டலை. பி.ஏ. சேர்ந்துக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

முடியவில்லை என்று பொய் சொல்லியிருந்தால் அவருக்கும் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். உண்மையைச் சொல்வது இவ்வளவு அலுப்பானது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.