மாடியில் விளைந்த உப்பு

மாடியில் சோலார் பேனல் போட்டதும் கரண்ட் பில் பாதியாகக் குறைந்தது. துறைமுகத்து நிலக்கரித் தூசி படிகிறதே என்று, தினமும் போர் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். மூன்றாவது பில் பழையபடி எகிறிவிட்டது. பேனல் மாட்டியவரைத் திட்டப் போனை எடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு மரியக்கா மாடிக்கு வந்துவிட்டார். உப்பளத்தில் வேலை பார்ப்பவர். கண்ணாடியில் படிந்திருந்த வெள்ளையைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏளா, உப்புத் தண்ணிய வெயில்ல ஊத்துனா என்ன விளையும்? மாடியிலயே பாத்தி கட்டிட்டியே!"

உப்பை அளக்கும் மீட்டர் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டாரே என்று அசந்துபோனேன். இப்போது ஏசியிலிருந்து சொட்டும் உப்பில்லாத தண்ணீரை வாளியில் பிடித்து, காலையில் அதைக்கொண்டு துடைக்கிறேன். பில்லும் இறங்கிவிட்டது. இந்த யோசனையும் மரியக்கா சொன்னதுதான். அவர் வீட்டில் ஏசி கிடையாது.