இலுப்பைத் தோப்பை வரைந்த எங்கள் அம்மா

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். ஆகவே அவருடைய நற்குணங்களை அடுக்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மா பிறந்தது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி நிலம் வைத்திருந்த விவசாயக் குடும்பத்தில். தம்பி, அதாவது எங்கள் மாமா, கைக்குழந்தையாக இருந்தபோதே அவர்களுடைய தாயார் காலமாகிவிட்டார். மாமாவைக் குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனதும் அம்மாதான். அவரை இடுப்பில் வைத்துக்கொண்டே மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் படம் போடுவாராம்.

பிறகு ஓவியத் தேர்வுகள் எழுதி ஓவிய ஆசிரியையானார். கீழ்பென்னாத்தூருக்கு வாழ்க்கைப்பட்டார். அண்ணனும் நானும் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதன் பின் பகலில் பள்ளிக்கூடம், வீடு திரும்பினால் தையல் மெஷின் என்று எங்களை வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு. மடக்கு நாற்காலியையும் வர்ணப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார்.

திருவண்ணாமலையில் படம் கேட்பவர்கள் மலையையும் கோபுரத்தையும்தான் கேட்பார்கள். அம்மா வரைந்ததோ வேர்க்கடலைக் கொல்லை, தண்ணீர் வற்றிய ஏரி, வரப்பில் நிற்கும் கொக்கு. “மலையதான் எல்லாரும் பாக்குறாங்களே. ஏரிய யாரு பாக்குறது?” என்பார்.

ஆண்டு தவறாமல் அவர் போய் வரைந்த இடம் ஒன்று உண்டு. தாத்தாவின் நிலத்து ஓரத்தில் இருந்த இலுப்பைத் தோப்பு. பங்குனியில் விடிவதற்குள் பூ உதிர்ந்து தரை வெளுத்துக் கிடக்கும். வௌவால்கள் அடங்கியிருக்கும். அந்த நேரத்து வெளிச்சத்துக்காகவே பிறந்த வீட்டில் போய்த் தங்குவார். பேரப்பிள்ளைகள் வந்த பிறகு அவர்களையும் அழைத்துப் போனார். ஆயாவோடு தோப்புக்குப் போவதுதான் என் மகளுக்குத் திருவிழா.

தாத்தா மறைந்த பின், நிலத்தைத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று மாமா அம்மாவின் கையெழுத்து கேட்டு வந்தார். தமக்கென்று பங்கு எதையும் அம்மா கேட்கவில்லை. தோப்பு நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். மாமா எழுந்து வாசலுக்குப் போய், தூரத்தில் தெரிந்த மலையை நோக்கிக் கையை நீட்டினார். “அந்த மலை மேல சத்தியம்க்கா. தோப்பு மேல கை வைக்க மாட்டேன்.” சமையலறையிலிருந்து நானும் கேட்டேன். அம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த பங்குனியில் அம்மா, நான், என் மகள் மூவரும் போனோம். ஆட்டோ நின்றதும் அம்மா, “இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்க” என்றார். டிரைவர், இதுதானம்மா நீங்கள் சொன்ன இடம் என்றார். இறங்கிப் பார்த்தோம். அடிமரங்கள்தான் இருந்தன. ஜேசிபி அவற்றைப் பெயர்த்துக்கொண்டிருந்தது. ஆயா, தோப்பு எங்கே என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஓரமாக நின்று போன் பேசிக்கொண்டிருந்த மாமா எங்களைப் பார்த்ததும் வந்தார். அம்மா அவரைத் திட்டவில்லை.

“ஏன்டா என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ கையெழுத்து போட்டிருக்க மாட்டக்கா.”

மலையைக் காட்டிச் சத்தியம் செய்த அன்றே லாட்ஜ் கட்டுவதற்குப் பேசி முடித்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. உறவினர்களில் பலருக்கு அது முன்பே தெரியும் என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்கள்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. விவசாயம் மாமாவுக்குக் கைகொடுக்கவில்லை என்பது உண்மைதான். அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் அம்மா தோப்பை விட்டுக்கொடுத்திருப்பாரா? எனக்குத் தெரியாது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

லாட்ஜ் திறப்பு விழாவுக்கு அழைக்க மாமா வந்தார். வரவேற்பறையில் மாட்டுவதற்குத் தோப்புப் படம் ஒன்று வேண்டும் என்றார். அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, “படத்துலயாவது நிக்கட்டும். விட்டுட்டுப் போ” என்றார். அதற்குப் பிறகு அவர் அடி அண்ணாமலைக்குப் போகவில்லை. பௌர்ணமிதோறும் நடந்த கிரிவலத்தையும் விட்டுவிட்டார். மலை மேல் ஏதும் கோபமா என்று கேட்டேன். அந்த வழியாகத்தானே நடக்க வேண்டும் என்றார்.

சிறுநீரகம் பழுதான பின் நெடுநாள் படுத்திருந்தார். ஜன்னல் வழியே தெரிந்த முருங்கைக் கிளையைப் படுத்தபடியே வரைந்தார். மாமா இரண்டொரு முறை வந்து கட்டிலருகே அழுதார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்டார். அவர் போன பிறகு எங்கள் இருவரையும் அழைத்தார்.

“நாளைக்கு அவன் வந்தா சாப்பாடு போடுங்க. ஒரு கொறையும் வைக்காதீங்க. கோடி மட்டும் வாங்காதீங்க.”

பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போர்த்தும் கடைசித் துணி அது. அதை வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய சொல் என்று அம்மாவுக்குத் தெரியும். அம்மா இறந்த அன்று மாமா கோடியோடு வந்தபோது, அண்ணன் அவருடைய இரு கைகளையும் பற்றி அம்மா சொன்னதைக் காதோடு சொன்னார். பெரியவர்கள் பலர் எங்களைக் கடிந்துகொண்டீர்கள். பெற்றவளை வழியனுப்பத் தெரியாத பிள்ளைகள் என்றும் சிலர் சொன்னீர்கள். மாமாவோ துணியை மார்போடு அணைத்தபடியே இடுகாடு வரை எல்லோருக்கும் கடைசியாக நடந்து வந்தார்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் முகம் சுளிக்காமல் அழைத்துச் சென்ற பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர், கடைசி மாதங்களில் தலை வாரிவிட்ட அண்ணி, அவருடைய பழைய மாணவிகள், துக்கத்தில் உடனிருந்த ஊரார் அனைவருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

இம்மலரின் முதல் பிரதியை நானே அடி அண்ணாமலைக்கு எடுத்துச் செல்கிறேன். மாமாவைப் பற்றி இதில் எழுதியிருப்பதை அவர் பிறர் வாயால் கேட்கக் கூடாது.

— மகள்